ஒரு முழம் சிவப்புத் துணி

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் இருக்கிற நிலையில் நலம். நீ எப்படி இருக்கிறாய்? இருமல் நின்றதா, இல்லை "தானா போயிடும்" என்று இன்னும் அதைச் செல்லமாக வளர்த்துக்கொண்டிருக்கிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "ம்" கொட்டுகிறாய், நான் அழுகிறேன், இரண்டு பேருக்கும் நேரம் வீண். எப்படியும் இந்தப் பார்சலுக்குள் ஒரு சீட்டு வைத்தாக வேண்டும். அதையே கொஞ்சம் நீட்டி எழுதிவிட்டேன்.

அத்தானுக்குத் தோள் எலும்பு கூடிவிட்டது. வலது கை மட்டும் தொங்கியது தொங்கியபடியே இருக்கிறது. நரம்பு இனிமேல் பிழைக்காது என்று மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இருபது வருடமாகக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய கை. இப்போது சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்க்கடைப் பலகையில் எழுத்து கோணியிருக்கிறது என்று நாள் முழுக்கக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் உன் ராக்கெட் கிளப்பில் நீ ஏவிய ராக்கெட் இறங்கியபோது பெரிய பாராசூட் விரியவில்லை. அதைத் தைத்தவள் நான். என் தையல் விட்டதால்தான் அது அவர் தோளில் வந்து விழுந்தது என்றால், எந்த இடத்தில் விட்டது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கண்ணை மூடினால் அந்த ஓரத் தையல்தான் வந்து நிற்கிறது. பழைய பாராசூட்டை அப்படியே எனக்கு அனுப்பு. கிழிந்து கந்தலாகியிருந்தாலும் பரவாயில்லை.

இத்துடன் புதிதாக ஒன்று தைத்து வைத்திருக்கிறேன். எல்லா ஓரமும் இரட்டை மடிப்பு. பார்த்துவிட்டு எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 23

மேன்மை தங்கிய தையல்காரி அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். இருமல் என்னைவிட நலம். அத்தானை மிகவும் கேட்டதாகச் சொல்.

பாராசூட் வந்து சேர்ந்தது. எங்கள் லிஃப்ட் பட்டறையில் கிரீஸ் படாத மேஜை கிடையாது என்பது உனக்குத் தெரியும். தரையில் செய்தித்தாள் பரப்பி, செருப்பைக் கழற்றிவிட்டு விரித்துப் பார்த்தேன். அருமையாக இருக்கிறது. இவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டாம்.

பழையது கிளப் கொட்டகையில் ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. பெட்டிச் சாவி செயலாளரிடம். அவர் ஊரில் இல்லை. தையல் பக்கம் ஏதோ விட்டிருக்கும் என்று கிளப்பில் பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்கள் பேசட்டும், நீ அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ராக்கெட்டைப் பத்திரமாக இறக்கும் ஏற்பாட்டைத் திருத்திக் காட்டினால்தான் அக்டோபரில் என்னை மறுபடி ஏவவிடுவார்களாம். இல்லாவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வேலை, அறை, கிளப் இந்த மூன்றும்தான் என் உலகம் என்று நீயே கேலி செய்வாய். அதில் ஒன்று போனால் அறைக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கவனி, அக்கா. தையல்காரி என்று எழுதியிருந்தாயே, நான் உனக்கு அக்காவா, கூலிக்குத் தைத்துத் தருகிறவளா? விளையாட்டுக்கு என்றாலும் அப்படிக் கூப்பிடாதே. எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

இங்கு நலம். அத்தான் இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகிவிட்டார். சட்டையில் பாதி, வாயில் பாதி.

தொழிற்சாலையில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கட்டட உச்சியில் தொங்கி வேலை பார்ப்பவர்களுக்கு இடுப்புப் பெல்ட் தைக்கிற பிரிவில் இருக்கிறேன் அல்லவா? தைத்து முடித்த பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறேன். சந்தேகமாக இருக்கிறது. பிரித்து மறுபடி தைக்கிறேன். மேற்பார்வையாளர் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, நீங்களே தைக்கிறீங்க, நீங்களே பிரிக்கிறீங்க. இந்த பெல்ட் இன்னிக்கு முடியுமா, இல்ல அடுத்த வருஷமா?"

"தையல் விட்டா ஒருத்தர் கீழ விழுவாருங்க."

"உங்க தையல் இதுவரைக்கும் விட்டதே இல்லையேம்மா."

கையிலிருந்த பெல்ட்டை மறுபடி பிரிக்க ஆரம்பித்தேன். சாப்பாட்டு இடைவேளையில் உன் பாராசூட்டில் மிஞ்சிய துணியைப் பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்டார். "ராக்கெட் உச்சிக்குப் போனதும் ஒரு சின்ன பாராசூட் விரியும். தரைகிட்ட வந்ததும் பெருசு விரிஞ்சு மெதுவா இறக்கும். பெருசு விரியலைன்னா கல்லு மாதிரி வந்து விழும்" என்று சொல்லிக்கொடுத்தேன்.

புதியதை நன்றாக இழுத்துச் சோதித்துப் பார். சாவி வந்ததும் பழையதை அனுப்பு. இருமலுக்கு மருத்துவரைப் பார்.

உன் அக்கா


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

நீ சொன்னபடி சோதித்தேன். லிஃப்டின் எதிர்ப்பக்கம் எடைக்காக அடுக்குவோமே, அந்த இரும்புக் கட்டிகளைப் பாராசூட்டின் ஒரே கயிற்றில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். கடைசியில் மேலே மாட்டியிருந்த கொக்கிதான் வளைந்தது. உன் தையல் அசையவில்லை. பட்டறையில் மூத்தவர் ஒருவர், "தம்பி, இது ராக்கெட்டுக்கா, யானைக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆகவே நீ கவலைப்பட எதுவும் இல்லை. இனிமேல் பெல்ட்டையெல்லாம் பிரிக்காதே.

பழைய பாராசூட்டை மறந்துவிடு. கொட்டகையில் எலித் தொல்லை, அதைக் கடித்துக் குதறிவிட்டதாம். இனி அதைப் பார்த்து உனக்கு ஒன்றும் விளங்கப் போவதில்லை.

அத்தானிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கேட்டதாக மட்டும் சொல்.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நலம். உன் நலத்துக்கு எழுது.

எலியா? நைலானைத் தின்கிற எலி எந்த ஊர் எலி? முதலில் சாவி இல்லை என்றாய். சாவி இல்லாத பெட்டிக்குள் எலி எப்படிப் போயிற்று? என் காதில் பூச்சுற்றாதே. பார்த்தால் நான் உடைந்துபோவேன் என்று மறைக்கிறாய். எனக்குப் புரிகிறது. ஆனால் பார்க்காமல்தான் உடைந்துகொண்டிருக்கிறேன்.

புதிய தையல் தாங்கினால் என்ன? அத்தான் தோளில் விழுந்தது பழைய தையல்தானே. பெல்ட் பிரிவை விட்டுவிட்டேன். யாரும் அனுப்பவில்லை, நானே கேட்டுக் கூடாரத்துக்கு உறை தைக்கிற இடத்துக்குப் போய்விட்டேன். உறை பிரிந்தால் கூடாரம் தரையில் விழும், அவ்வளவுதான். கூலி குறைவு, மனசுக்குக் கொஞ்சம் நிம்மதி. பதினெட்டு வருடம் தைத்த இயந்திரத்தில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் போகாமல் சுற்றி நடக்கிறேன்.

அத்தான் முன்னால் பாராசூட் துணியை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறார். "விடும்மா, ஆனது ஆச்சு" என்பார். அவருக்கு அந்தத் துணியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லையோ என்று சில நாள் தோன்றுகிறது.

நீ சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்பிய பாராசூட்டில், காற்றுப் போக விட்ட உச்சித் துவாரத்தைச் சுற்றி ஒரு பட்டை வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறேன். எலி தின்ற மிச்சத்தையாவது அனுப்பு.

உன் அக்கா


மே 10

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. இடது கை எழுத்து, கோழி கிண்டிய மாதிரிதான் இருக்கும். ஊருக்கே எழுத்து எழுதியவன் கதி இது. அக்கா வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் இதைத் தபாலில் சேர்க்க வேண்டும்.

அன்று பைனாகுலரை வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றவன் நான். பெரிய பாராசூட் வெளியே வந்ததைப் பார்த்தேன். கயிறுகள் பிரியவில்லை. ரப்பர் வளையம் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தது. மடிக்கும்போது கயிறு சிக்காமல் இருக்க நீ மாட்டுவாயே, ராக்கெட் குழாய்க்குள் திணிக்கும் முன் கழற்ற வேண்டியது, அதுதான். இப்போது அறுந்துவிடும், இப்போது விரிந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஓடியிருக்கலாம். நீ மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று உன்னைச் சிரிக்க வைத்தவனும் நான்தான். அதனால் உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டில் அருகே நின்று நீ வாயைத் திறந்தபோது, வேண்டாம் என்று தலையாட்டினேன். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். அதையும் கெடுப்பானேன் என்று நினைத்தேன். பழியை அவள் தன் தையல் மேல் போட்டுக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று என் சட்டைக்குப் பொத்தான் தைத்துவிட்டு, திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று சொல்லாதே என்றேன். இப்போது சொல் என்கிறேன். நான் சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். நீ சொன்னால் திட்டிவிட்டு ஆறிவிடுவாள். தள்ளிப்போடாதே.

அத்தான்


ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். நீயும் அத்தானும் நலமா? இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. வேலை அதிகம். இருமலும் கூடவே இருக்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுதி எழுதிக் கிழித்தேன். அறை முழுக்கக் காகிதம் கிடப்பதைப் பார்த்து, பக்கத்து அறைக்காரர், "என்ன தம்பி, காதல் கடிதமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நவம்பரில் அந்தப் பாராசூட்டை நான் மடித்தபோது அத்தான் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். ஒரு கடைக்காரர் தன் பெயரையே பலகையில் தப்பாக எழுதச் சொல்லி அடம்பிடித்த கதை. அதை அவர் சொன்னால் எப்படிச் சிரிப்பு வரும் என்று உனக்குத் தெரியும்.

கயிறுகளின் நீளத்தை ஒரு சாண் கூட்டினால் நன்றாக விரியும் என்று தோன்றுகிறது. பாராசூட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன். வேறொன்றும் இல்லை.

தம்பி


ஆகஸ்ட் 9

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

ராக்கெட் கிளப் செயலாளர் எழுதுவது. வணக்கம். தங்கள் கணவர் தேறி வருகிறார் என்று நம்புகிறேன்.

பழைய பாராசூட்டைக் கேட்டுத் தாங்கள் எனக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. அது எங்கள் கொட்டகையில் பத்திரமாகத்தான் இருக்கிறது. பெட்டிக்குப் பூட்டு கிடையாது. விபத்தன்று எல்லோரும் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் யாரும் அதைச் சோதிக்கவில்லை. தங்கள் தம்பிதான் எடுத்து உள்ளே வைத்தார். தையல் விட்டுவிட்டது என்று அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டோம். தைத்தவர் தாங்கள் என்பது தங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் ஆறுதலாக நாலு வார்த்தை எழுதியிருப்பேன்.

யாரும் பிரிக்காமல் கிடந்தது கிடந்தபடி அனுப்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்


ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

நலமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

பழைய பாராசூட் வந்தது. எலி கடிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அதன்மேல் வைத்தேன். முதல் மடிப்பைத் தூக்கியதும், துணி ஒட்டாமல் இருக்க நீ தூவிய பவுடர் மேஜையில் கொட்டியது. காற்றில் விரிந்த துணிக்குள் பவுடர் எப்படி அப்படியே இருக்கும்? ஓரத்தையெல்லாம் விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு இழை கூட விடவில்லை. கயிறுகள் கட்டாக இருந்தன. ரப்பர் வளையம் இளகி அவற்றோடு ஒட்டிக் கிடந்தது. கத்தரிக்கோல் முனையால் நெம்பித்தான் எடுத்தேன்.

அதை அத்தான் முன்னால் வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அது கீழ வரும்போதே."

அப்புறம், உனக்குக் கடிதம் எழுதியதையும் சொன்னார். அவரோடு நான் போட்ட சண்டை எங்கள் வீட்டுக் கதை, உனக்கு எதற்கு?

நீ மறந்துபோனாய். மறதி யாருக்கும் வரும். நடந்த அன்றே சொல்லியிருந்தால், ஒரு நாள் கத்தியிருப்பேன், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டேன், அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பேன். என்னை உனக்குத் தெரியாதா? கிளப்பில் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதினாயே, பேசியதே நீதானே. உனக்கு எப்போதோ தெரிந்த பதிலுக்கு இரும்புக் கட்டியைக் கட்டித் தொங்கவிட்டாய். நான் பெல்ட்டைப் பிரித்தேன் என்று எழுதியபோது தெரியும். இயந்திரத்தை விட்டு எழுந்துவிட்டேன் என்று எழுதியபோதும் தெரியும். அத்தானே சொல்லிவிடு என்ற பிறகும் ஒரு சாண் கயிறு வேண்டும் என்று எழுதுகிறாய். நானும் மாடு மாதிரி உட்கார்ந்து அந்த ஒரு சாணைத் தைத்தேன்.

என் புருஷன் கையை நானே முடமாக்கிவிட்டேன் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டு அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். அதை யார் எனக்குத் திருப்பித் தருவது?

புதிய பாராசூட்டை அனுப்புகிறேன். ரப்பர் வளையம் வேண்டாம். கயிறுகளைக் கட்ட ஒரு முழம் சிவப்புத் துணி வைத்திருக்கிறேன். அதன் மறுமுனையில் ஒரு மரக்கட்டையைத் தைத்திருக்கிறேன். துணியை உருவி எடுக்காமல் குழாயை மூட முடியாது. மறந்தாலும் கட்டை இடிக்கும். இரட்டை மடிப்பு, பட்டை, ஒரு சாண் என்று நான் செய்த எதுவும் அத்தானைக் காப்பாற்றியிருக்காது. இது காப்பாற்றியிருக்கும். இதைத் தைக்க ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. என்ன நடந்தது என்று தெரிந்திருந்தால் முதல் பார்சலிலேயே வைத்திருப்பேன்.

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று ஏவினேன். அதற்கு முன் எல்லோரையும் கூட்டிவைத்து, நவம்பரில் தையல் விடவில்லை, ரப்பர் வளையத்தைக் கழற்ற நான்தான் மறந்தேன் என்று சொன்னேன். செயலாளர், "இத ஒரு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். ஏவ அனுமதித்தார்கள். இனி எல்லா ராக்கெட்டிலும் கட்டையோடு ஒரு சிவப்புத் துணி இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள்.

சிவப்புத் துணியை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மேலே சின்னது விரிந்தது. இறங்கி வரும்போது பெரியது வெளியே வந்து, உதறிக்கொண்டு, முழுதாக விரிந்தது. சுற்றிலும் கைதட்டினார்கள். எனக்கு அத்தான் அண்ணாந்து நின்ற இடம்தான் கண்ணில் பட்டது. அங்கே இப்போது புல் முளைத்திருக்கிறது.

அன்று யாரோ "என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். பயத்தில் "தையல்" என்ற சொல் வாயில் வந்துவிட்டது. விட்டதைத் திரும்பப் பிடிக்கத் தைரியம் இல்லை. நீ தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே நான் உடைத்ததற்கெல்லாம் நீதானே தாங்கிக்கொண்டாய். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன், அக்கா.

சிவப்புத் துணியை இத்துடன் வைத்திருக்கிறேன். அது உன்னிடம் இருப்பதுதான் சரி. எனக்கு வேறொன்று வெட்டிக்கொள்கிறேன்.

உன் தம்பி


நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. பதில் வரவில்லை. தபால்காரர் எங்கள் மாடிக்கு ஏறாமல் போகும்போதெல்லாம் கீழே இறங்கிப் போய்க் கேட்கிறேன். அவருக்கே என்னைப் பார்த்தால் சங்கடமாகிவிட்டது.

விபத்து நடந்து ஒரு வருடம் ஆகிறது. அத்தானைப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் விடுப்பு கேட்டால் கொடுப்பார்கள். வரட்டுமா?

உன் தம்பி


டிசம்பர் 3

லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

சிவப்புத் துணி வந்து சேர்ந்தது. பெல்ட் பிரிவில் மறுபடி சேர்ந்துவிட்டேன். பழைய இயந்திரத்தையே கொடுத்தார்கள். தைத்ததைப் பிரிப்பதில்லை. கணவர் இடது கையால் ஒரு பலகை எழுதி முடித்திருக்கிறார்.

இப்போது வர வேண்டாம்.

பாராசூட்டில் பழுது ஏதும் ஏற்பட்டால் அனுப்பவும். சரிசெய்து தரப்படும். இருமலுக்கு மருத்துவரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
தையல்காரி